மாமனாரின் ஈப் பெட்டி

“உங்க மாமனார் ரிடையர் ஆகி வீட்ல என்ன பண்றாருங்க?” என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. “ஈ கட்டறாருங்க” என்பதுதான் உண்மையான பதில். வேலை இல்லாமல் ஈ ஓட்டுகிறவர்களை நமக்குத் தெரியும். ஈ கட்டுகிறவரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, சகோதரிகளே? எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவருடைய சாமான்களை வைக்க ஒரு பெட்டி தேடி நான் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன். மீன் பிடிப்பதில் உங்களுக்கு அக்கறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊசி, கத்தரிக்கோல், பசை, நூல் என்று ஏதாவது ஒரு கைவேலைச் சாமானும், ஓடியாடும் ஒரு குழந்தையும் உங்கள் வீட்டிலும் இருக்குமல்லவா?

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். வாலிபத்தில் அங்கிருந்த மானேஜர் ஒருவர் இவருக்கு ட்ரவுட் மீன் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார். ட்ரவுட் நம் ஊர் மீன் இல்லை. குளிர்ந்த தண்ணீரில்தான் வாழும். 1860-களில் பிரான்சிஸ் டே என்பவர் இதை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்து முடியாமல் போனது. 1900-களின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் வெளியிலிருந்து முட்டைகளைத் தருவித்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்த பிறகுதான் நம் மலை ஓடைகளில் அது தங்கியது. இந்த மீன் தண்ணீர் மேலே வந்து உட்காரும் பூச்சிகளைத் தின்னும். அதனால் மண்புழு வேண்டாம். அரை அங்குலம்கூட இல்லாத ஒரு தூண்டில் முள்ளில் இறகு, கம்பளி, நூல், மெல்லிய கம்பி எல்லாம் சுற்றி, பூச்சி மாதிரியே செய்து தண்ணீரில் வீசுவார்கள். அதற்குத்தான் ‘ஈ’ என்று பெயர்.

அந்த நாளில் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் வருவாராம். இப்போது ஓடைக் கல்லில் நிற்கக் காலில் தெம்பு இல்லை. கட்டுவதை மட்டும் விடவில்லை. கட்டி, பழைய சிநேகிதர்களுக்குக் கொடுப்பார்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் சாயங்காலம் வராந்தாவில் ஒரு பக்கம் அத்தை நார் வைத்து மல்லிகை கட்டுவார். இன்னொரு பக்கம் மாமா பட்டு நூல் வைத்து ஈ கட்டுவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆனால் ஒருத்தர் எழுந்தால் இன்னொருத்தரும் எழுந்துவிடுவார். பூ கட்டத் தெரிந்த பெண்களுக்கு ஈ கட்டுவது புரிந்துவிடும். சுற்றி, இழுத்து, கண்ணியில் நுழைத்து இறுக்குகிற அதே வேலைதான். அத்தை போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு மாமாவைச் சாப்பாட்டுக்கு எழுப்புவதே பெரும்பாடாக இருந்தது. அந்த நூலும் இறகும்தான் அவரை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தன.

அவர் சாமான்களெல்லாம் எதில் இருந்தன தெரியுமா? நீல நிறத்தில் வட்டமாக ஒரு தகர பிஸ்கட் டப்பா. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். அதில் பிஸ்கட் இருக்காது, ஊசியும் பட்டனும் இருக்கும். பெரியவர்களுக்கு அது தையல் டப்பா. மூன்று வயதுக் குழந்தைக்கு அது பிஸ்கட் டப்பாதான்!

போன வருஷம் மே மாதம் கோயமுத்தூரிலிருந்து என் நாத்தனார் குழந்தையோடு வந்திருந்தாள். நாங்கள் அடுக்களையில் இருந்தோம். டப்பா கீழே உருளும் சத்தம், உடனே ஒரு அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், தரை முழுக்க இறகு. நடுவில் குழந்தை. வலது கட்டை விரலின் சதையில் ஒரு சிவப்பு ஈ உட்கார்ந்திருக்கிற மாதிரி முள் ஏறியிருந்தது. நாத்தனார் அதைப் பிடித்து இழுக்கப் போனாள். நல்லவேளை, மாமா, “இழுக்காதே!” என்று சத்தம் போட்டார். அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

ஏன் இழுக்கக் கூடாது என்றால், தூண்டில் முள்ளின் நுனிக்குக் கொஞ்சம் கீழே பின்பக்கமாக நிற்கிற இன்னொரு சின்ன முள் உண்டு. மீன் தப்பாமல் இருப்பதற்காக வைத்த எதிர்முள். உள்ளே போகும்போது சுலபமாகப் போகும். திரும்பும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். டாக்டர் விரலை மரத்துப்போக வைத்து, முள்ளை வந்த வழியே இழுக்காமல் முன்பக்கமாகவே தள்ளி நுனியை வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பின்னால் உருவினார். இரண்டு நிமிஷ வேலை. குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கேட்டு, டெட்டனஸ் ஊசி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறதா என்றும் பார்த்தார்.

அவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முள் குத்தினால் அசைக்காமல், தொங்குகிற நூலை மட்டும் வெட்டிவிட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்துப் போக வேண்டும். கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ குத்தியிருந்தால் தொடவே கூடாது. அழுத்தாமல் மேலே ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விழுங்கிவிட்டால்? நம் வீடுகளில் என்ன செய்வோம்? “ஒரு வாழைப்பழம் குடு, வழுக்கிட்டுப் போயிடும்” என்போம். முள், ஊசி, பின் மாதிரி கூரான எதற்கும் அது கூடவே கூடாதாம். பழமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

குழந்தை மறுநாளே விளையாட ஆரம்பித்துவிட்டது. பெரியவர்களுக்குத்தான் ஆறவில்லை. மாமா வருஷத்தில் குளிர் மாதங்கள் மகள் வீட்டில் இருப்பது வழக்கம். நாத்தனார் ஊருக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணி, அப்பா எப்ப வேணா வரட்டும். அந்த டப்பா மட்டும் எங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது” என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. பெற்றவள் பயம் அது. மாமா காதில் அது விழுந்துவிட்டது. “சரிம்மா, இனிமே எதுக்கு இதெல்லாம்” என்று டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு பத்து நாள் வராந்தா நாற்காலியில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வரை ஷேவ் பண்ணிக்கொள்ளாமல், காப்பி ஆறிப்போய்... அத்தை போன சமயத்தில் இருந்த அதே கோலம். டப்பாவைத் தூக்கிப் போடுவது தீர்வு இல்லை என்று அப்போதே முடிவு செய்தேன். குழந்தையும் பத்திரமாக இருக்க வேண்டும், மாமா கையிலும் வேலை இருக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல பெட்டி வேண்டும். ‘போய்க் கடையில் வாங்கினால் ஆச்சு’ என்றுதான் நினைத்தேன். ஐந்து மாதம் ஆயிற்று!

முதலில் இரும்புக் கடையில் மூன்று தட்டு வைத்த பிளாஸ்டிக் டூல் பெட்டி ஒன்று வாங்கினேன். திறந்தால் தட்டுகள் படிக்கட்டு மாதிரி விரிந்துகொண்டு பார்க்க அழகாக இருந்தது. வைத்திருக்கும் வீட்டில் அது சரி. எங்களுக்கோ மேட்டுப்பாளையம் இறங்குகிற ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். முள்ளை உள்ளே போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரு அறையில் கடுகு, ஒரு அறையில் வெந்தயம், ஒரு அறையில் உளுந்து போட்டு மூடி, தலைகீழாகக் கவிழ்த்து நாலு குலுக்குக் குலுக்கினேன். திறந்தால் அஞ்சறைப் பெட்டி கவிழ்ந்த மாதிரி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. மூடிக்கும் தடுப்புக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தாலும் கடுகு போகும். கடுகு போகிற இடத்தில் முள்ளும் போகும். மாமாவின் முட்கள் 12, 14, 16 என்று எண் கணக்கில் இருக்கும். எண் ஏற ஏற முள் சின்னதாகும். 16-ஆம் எண் முள் சோம்பு மாதிரித்தான் இருக்கும். அது தரையில் விழுந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது, தவழுகிற குழந்தையின் முழங்காலுக்குத் தெரியும்.

எந்தச் சின்னச் சாமானுக்குப் பெட்டி வாங்கினாலும் இந்தக் கடுகுச் சோதனையைச் செய்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்த்தால் பார்க்கட்டும்.

அடுத்தது, கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவர்கள் கொண்டுவருவார்களே, அந்த அலுமினிய மேக்கப் பெட்டி. பூட்டு இருக்கிறதே என்று ஆசைப்பட்டேன். அந்தப் பூட்டை என் பையன் கொண்டை ஊசியால் திறந்து காட்டிவிட்டான். காலிப் பெட்டியே மூன்று கிலோவுக்கு மேல். மூட்டு வலிக்காரர் எப்படித் தூக்குவார்? போதாக்குறைக்குப் பளபளவென்று கண்ணாடி வேறு. எந்தக் குழந்தையும் ‘என்னது என்னது’ என்று கிட்டே வரும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது என் சொந்தத் தயாரிப்பு. தையல் தெரிந்த திமிரில் கெட்டி கான்வாஸ் துணியில் ஜிப் வைத்து, உள்ளே பை பையாகப் பிரித்துத் தைத்தேன். என்னவர்கூட, “கடையிலே வாங்கின மாதிரியே இருக்கு” என்றார். இரண்டாம் நாளே முள் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. இறகெல்லாம் மடங்கிப் போயிற்று. ஜிப்பைத் திறக்கத் தெரியாத குழந்தை உண்டா? துணிப்பை கூராக இருக்கிற எதற்கும் ஆகாது என்று எனக்கே பாடம். ஆனாலும் அதிலிருந்து ஒரு துண்டைப் பிரித்து, கத்தரி, ஊசிக் கோல், பாபின் இவற்றைச் சுருட்டி வைக்கிற சுருள்பையாக மாற்றிக்கொண்டேன். அது இன்றும் இருக்கிறது.

இதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கப் பரண் ஏறினேன். பழைய பாயின் பின்னால் கறுப்பாக ஒரு பிரீஃப்கேஸ். எங்கள் கல்யாணத்தில் என் அப்பா மாப்பிள்ளைக்குச் சீராக வைத்தது. என்னவர் ஒரு வருஷம் ஆபீசுக்கு எடுத்துப்போய், பிறகு எல்லாரும் தோள்பைக்கு மாறியதும் பரணில் ஏற்றிவிட்டார். இறக்கித் துடைத்தேன். கெட்டியான ஓடு. இரண்டு பக்கமும் எண் பூட்டு. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. முக்கியமாக, பார்த்தால் குழந்தைக்கு ஒரு சுவாரசியமும் தோன்றாத மூஞ்சி! எடை பார்த்தேன், காலிப் பெட்டி ஒன்றே முக்கால் கிலோ. என்னவர்தான், “என் மாமனார் குடுத்த பெட்டி உன் மாமனாருக்குப் போயிடுச்சு” என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெட்டி கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உள்ளே மெத்தை மாதிரி ஒட்டியிருந்த ஸ்பஞ்சு துணியோடு பூசணம் பிடித்து நாறியது. எங்கள் மலையில் ஈரம் பொல்லாதது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் இருபத்து நாலு மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அவ்வளவு வேண்டாம், சாதாரண ஆடி மாதத்திலேயே பீரோவுக்குள் பட்டுப்புடவை சிலிர்த்துப்போகும், முள் துருப்பிடித்துவிடும். ஸ்பஞ்சையெல்லாம் சுரண்டி எடுத்து, மூன்று நாள் வெயிலில் காய வைத்தேன்.

உள்ளே எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு அடுக்கினேன். இறகுக்கு, நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற, ரப்பர் வளையம் வைத்த சமையலறை டப்பா இரண்டு. காற்றும் போகாது, பூச்சியும் போகாது. ஆனால் இறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூசணத்தை நாமே உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி. முள்ளுக்கு, கடுகுச் சோதனையில் தேறிய தட்டையான ஒரு அறைப்பெட்டி. அதன் மேல் குறுக்கே இரண்டு ரப்பர் பேண்டு. முள்ளைப் பிடித்துக்கொள்கிற இடுக்கி, வைஸ் என்பார்களே, அதுதான் கனம். கனமான அடித்தட்டோடு வருகிற வைஸ் இருக்கிறது. தட்டே ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். பிரயாணத்துக்கு மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற ரகம்தான் சரி. மாமாவுடையது நல்லகாலம் அந்த ரகம். தண்டைக் கழற்றிப் பழைய துவாலையில் சுற்றியதும் மூலையில் அடங்கிவிட்டது. மொத்தம் மூன்றரைக் கிலோ. ஒரு தேங்காய்ப் பைக்கு இது குறைவுதான் என்றார் மாமா.

பசை மட்டும் பெட்டிக்குள் போகவில்லை. பிரீஃப்கேஸ் என்பது கையில் பிடித்தால் நிற்கும், மேஜையில் வைத்தால் படுக்கும். குப்பி எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரு சமயம் படுத்துத்தான் ஆக வேண்டும். கசிந்தால் இறகெல்லாம் போச்சு. சீக்கிரம் தீப்பற்றுகிற சரக்கு வேறு. நிறமில்லாத நகப்பூச்சே அந்த வேலையைச் செய்துவிடும் என்பதால், கோயமுத்தூர் வீட்டில் ஒரு குப்பியை மேல் அலமாரியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் தூக்கி எறிந்தேன். ஈ தண்ணீரில் அமிழ்வதற்காக உள்ளே சுற்றுகிற ஈயக் கம்பி. ஈயம் எவ்வளவு சிறிதாக உடம்பில் போனாலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கெடுதல். தாத்தா விரலில் ஒட்டியதுகூட அதே கையால் ஊட்டுகிற சோற்றில் போகும். ஈயம் கலக்காத கம்பி கிடைக்கிறது. “நாப்பது வருஷமா தொட்டேன், எனக்கு என்ன ஆச்சு?” என்று முதலில் முறைத்தார். “உங்களுக்கு இல்லீங்க மாமா, பாப்பாவுக்கு” என்றதும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பாச்சை உருண்டை விஷயத்தில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. இறகையும் கம்பளியையும் அந்துப்பூச்சியின் புழு ஒரே மாதத்தில் சல்லடையாக்கிவிடும். அதற்காக மாமா டப்பாவில் எப்போதும் பாச்சை உருண்டை போட்டு வைப்பார். வெள்ளை வெளேரென்று பெப்பர்மிண்ட் மாதிரி இருக்கும். ஒரு உருண்டையைக் குழந்தை வாயில் போட்டாலே ஆபத்து. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை இருக்கும், ஜி.சிக்ஸ்.பி.டி. குறைபாடு என்பார்கள். அந்தக் குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் பாய்ந்துவிடும். பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணியை அப்படியே எடுத்துப் போட்டதாலேயே பச்சைக் குழந்தைகளுக்கு இப்படி ஆனதுண்டு. பிறந்த குழந்தைக்குப் பரம்பரைப் பட்டுத் துணியைப் பீரோவிலிருந்து எடுத்ததும் போர்த்துகிற பாட்டிமார் கவனிக்க வேண்டும். ‘அப்படியானால் கற்பூரம் வைக்கலாமே’ என்பீர்கள். கற்பூரத்தைக் குழந்தை தின்றால் வலிப்பு வரும். அதுவும் வேண்டாம்.

நான் என்ன செய்தேன் என்றால், இறகைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தேன். எடுத்து ஒரு நாள் வெளியே வைத்து, மறுபடி ஒரு வாரம். முதல் தடவை தப்பிய முட்டை பொரித்தாலும் இரண்டாம் தடவையில் போய்விடும். “அரிசி மாவுக்குப் பக்கத்திலே கோழி இறகா?” என்று என்னவர் முகம் சுளித்தார். இரண்டு பை போட்டுக் கட்டி, மூடி போட்ட டப்பாவில்தானே வைத்தேன்! ஈரத்துக்கு, புது ஹாண்ட்பேக்கில் வருமே சிலிகா பொட்டலம், அதைச் சேர்த்து வைத்துத் துணியில் நாலு பக்கமும் தைத்துப் போட்டிருக்கிறேன். பொட்டலமாகப் போட்டால் அதையும் ஒரு வாய் பார்க்கும்.

இறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தில் சால்மன் மீனுக்குக் கட்டிய பெரிய ஈக்களில் நம் மலைக் காட்டுக்கோழியின் கழுத்து இறகு கட்டாயம் இருக்குமாம். மெழுகு சொட்டிய மாதிரி புள்ளி வைத்த இறகு. தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழிக்குத்தான் அந்த அழகு. இப்போது அதை வேட்டையாடுவது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாமா தொடுவதில்லை. கறிக்கடையில் கேட்டு வாங்கிய நாட்டுச் சேவல் கழுத்துத்தான். ஷாம்பூ போட்டு அலசி, நிழலில் காய வைத்தால் போதும். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும்.

இனி முள்ளுக்கு வருகிறேன். மாமாவே ஒரு காரியம் செய்தார். வைத்திருந்த முட்கள் அத்தனையையும் எடுத்து, குறடால் எதிர்முள்ளை நசுக்கிவிட்டார். கட்டுகிற வேலைக்கு அது தேவையே இல்லை. அப்படியும் குத்தினால் வந்த வழியே சுலபமாக வந்துவிடும். “மொதல்லயே செஞ்சிருக்கணும்” என்று அவர் சொன்னபோது எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. கட்டும்போது கீழே ஒரு எவர்சில்வர் தாம்பாளம். விழுந்தால் அதில்தான் விழ வேண்டும். தரையில் தேட ஒரு பெரிய காந்தம், பெட்டி மூடியின் உள்பக்கம் திருகி மாட்டியது. சின்னச் சின்ன உருண்டைக் காந்தம் வாங்காதீர்கள். குழந்தை இரண்டை விழுங்கினால் வயிற்றுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலை நடுவில் நசுக்கிவிடும். ஆபரேஷன் வரை போகும்.

எண் பூட்டுக்கு என்ன எண் வைப்பது? வாங்கியபோது வந்த பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யத்திலேயே விட்டால் பூட்டுவதும் ஒன்று, திறந்து வைப்பதும் ஒன்று. மாமாவுக்கு மறதி வர ஆரம்பித்திருக்கிறது. மறக்க முடியாத எண் ஒன்றை அவரே வைத்துக்கொண்டார். என்ன எண் என்று எனக்குச் சொன்னார்; உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் செய்துகொண்டிருந்தபோது மாமா எனக்கு ஒரு பெண்ணின் கதை சொன்னார். மேகன் பாய்ட் என்று பெயர். ஸ்காட்லாந்தில் கடலோரத்து ஒரு சின்ன வீட்டில் தனியாக உட்கார்ந்து ஐம்பது வருஷம் போல ஈ கட்டியவர். அவர் கட்டிய ஈக்களுக்காக இளவரசர் சார்லஸே அவரைத் தேடி வருவாராம். 1971-இல் பிரிட்டிஷ் அரசு பதக்கம் கொடுத்தபோது, ‘என் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை’ என்று சொல்லி விழாவுக்கே போகவில்லையாம். கண் மங்கிய பிறகுதான் கட்டுவதை நிறுத்தினார், 2001-இல் காலமானார். “கண்ணு போற வரைக்கும் கட்டினா பாரு” என்று மாமா சொன்ன அன்றைக்கே, அவருக்கு லைட் வைத்த பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிப் பெட்டியில் சேர்த்தேன். டப்பாக்களின் மேலே கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன்.

கார்த்திகை பிறந்ததும் கோயமுத்தூர் கிளம்பினார். கிளம்பும் முன் நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து முட்களை எண்ணி ஒரு நோட்டில் எழுதினோம்: நாற்பது. நாத்தனாரிடம் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “பெட்டி ராத்திரி எங்க இருக்கும் அண்ணி?” என்று கேட்டாள். “உன் பீரோ மேலே. சாவி வேணாம், ஆனா நீதான் எடுத்துக் குடுக்கணும், நீதான் வாங்கி வைக்கணும்” என்றேன். சரி என்றாள். மூன்று மாதத்தில் மாமா முப்பது ஈக்களாவது கட்டியிருப்பார். அவர் கட்டுகிற நேரத்தில் குழந்தைக்கு ஒரு தனி வேலை கொடுத்திருந்தார்களாம். பென்சிலில் கம்பளி நூல் சுற்றுகிற வேலை. முள் இல்லாத ஈ.

மாசியில் திரும்பி வந்தார். கட்டியது, கட்டாதது எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கொட்டி எண்ணினோம். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினோம். முப்பத்தொன்பதுதான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவள் அங்கே காந்தத்தோடு கட்டிலடி, சோபாவடி, பாய் மடிப்பு எல்லாம் தேடினாள். இங்கே நான் பெட்டியைக் கவிழ்த்து, சுருள்பையைப் பிரித்து, துவாலையை உதறினேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. எங்கே தெரியுமா? மாமா கழுத்தில் எப்போதும் சுற்றியிருப்பாரே மஃப்ளர், அதன் ஓரத்தில். கட்டும்போது தெறித்துக் கம்பளியில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் குழந்தையைத் தினமும் மடியில் வைத்துக் கதை சொல்லியிருக்கிறார்.

எதிர்முள்ளை நசுக்கியிருந்ததால் சுண்டியதும் வந்துவிட்டது. பெட்டியைப் பற்றி இத்தனை யோசித்த எனக்கு அவர் போட்டிருக்கும் துணியைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை பாருங்கள். இப்போது ஈ கட்ட உட்காரும் முன் மஃப்ளரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அத்தையின் பழைய வாயில் புடவையில் நான் தைத்த ஏப்ரன் ஒன்றைக் கட்டிக்கொள்கிறார். எழுந்திருக்கும்போது அதைத் தாம்பாளத்தின் மேலே உதறிவிட்டு, அப்புறம் எண்ணுகிறோம்.